கழுத்தில் துணி கட்டிய போத்தல்

இன்று காலை கடைக் கதவைத் திறந்ததும் காறல் மணம் மூக்கில் அடித்தது. தேங்காய் எண்ணெய் பழுதாகிப் போனால் வருமே, தொண்டையில் ஒட்டுகிற அந்த மணம். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று சாக்குகளை இழுத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். பலகைத் தட்டின் மேல் வரிசையில், சுவர் மூலையில், நம் மகளுடைய போத்தல். உள்ளே எண்ணெய் நிறம் மாறிக் கிடந்தது. கழுத்தில் கட்டிய துணி கறுத்துத் தடித்துப் போயிருந்தது. நீ கண் மூடின பிறகு அதை இறக்கி எண்ணெய் மாற்ற இந்த வீட்டில் ஆள் இல்லை, புள்ள.

எனக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும் என்பது உனக்குத் தெரிந்த சங்கதி. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சியின் மகள் எழுதுகிறாள். நான் ஒன்றைத் தொடங்கி வேறொன்றுக்குப் போனால் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். உன் பார்வை அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. நான் என்ன செய்ய? ஒரு கதைக்குள் இன்னொரு கதை கிடக்கிறதே.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு கொம்பனிக்காரத் தம்பி வருவதாக இருந்தது. அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவான். கடைக்குப் புதிய இரும்புத் தட்டு சும்மா தருகிறார்களாம். சுவருக்கும் அவர்களே நிறம் அடிப்பார்களாம். பக்கட்டில் வருகிற எண்ணெய், பக்கட்டில் வருகிற சவர்க்காரத் தூள், பக்கட்டில் வருகிற மிளகாய்த்தூள் எல்லாம் அதில் வரிசையாகத் தொங்குமாம். ஒன்றே ஒன்றுதான், பழைய பலகைத் தட்டைக் கழற்ற வேண்டும். அதில் நிற்கிற போத்தல்களை என்ன செய்வது என்று கேட்டேன். பழைய போத்தல் வாங்குகிறவனுக்குப் போடச் சொன்னான்.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏசாதே. உன் கடைக்கு இப்போது யார் வருகிறார்கள்? வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பக்கட் இல்லையா என்று கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போகிறார்கள். போத்தல் கொண்டு வருகிறவர்கள் கண் தெரியாத கிழவிகள் ஓரிருவர். பீப்பாயில் எண்ணெய் தேங்குகிறது, சாக்கில் பருப்புக்கு வண்டு விழுகிறது. இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு தொழில் இல்லை. ஆனால் தட்டுப் போனால் மகளுடைய போத்தலுக்கு இடம் போய்விடும். அந்த மூலை அவளுடைய மூலை. ஒரு நாள் வந்து நின்றாளென்றால், உம்மாவும் இல்லாத கடையில், தன் போத்தலும் இல்லாத கடையில் அவள் எதைப் பார்த்துத் தன் வீடு என்று அறிவாள்? இதுதான் நேற்று முழுவதும் என் நெஞ்சில் கிடந்தது.

அந்தத் தட்டை நீ வைத்த விதத்தை எழுதச் சொல்லுகிறேன். கதை தெரியாத இந்தப் பிள்ளையாவது அறியட்டும்.

நாம் கடை தொடங்கியபோது கடதாசியில் கட்டிக் கொடுக்கிற பழக்கமே நம்மிடம் இருக்கவில்லை. எண்ணெய்க்குப் போத்தல், மண்ணெண்ணெய்க்குக் கேன், சீனிக்கும் பருப்புக்கும் பேணி. ஆள் கொண்டு வந்தால் அளந்து ஊற்றுவோம், கொண்டு வராவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்லுவாய். காலையில் சந்தைக்குப் போகிற வழியில் போத்தலை வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பும்போது நிறைத்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். உனக்கும் எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்தப் போத்தல் எந்த வீடு என்று குழம்பாமல் இருக்க நீதான் வழி கண்டாய். ஒவ்வொரு வீட்டிலும் உடுத்துகிற துணியில் ஒரு கீற்றுக் கிழித்துப் போத்தல் கழுத்தில் கட்டி அனுப்பச் சொன்னாய். சாரி ஓரம், சாறன் துண்டு, யன்னல் சேலை. புருசன் மௌத்தாகி இத்தாவில் இருக்கிற பொம்பிளை வீட்டுப் போத்தலுக்கு வெள்ளை. புதுப் பெண் வந்த வீட்டுப் போத்தலில் மினுங்குகிற கரை. தட்டைப் பார்த்தாலே ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஹாஜியார் ஒரு நாள் போத்தல் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? பார்த்தால் சாராயப் போத்தல். கண்ணாடியிலேயே எழுத்துப் பொறித்திருந்தது. நமக்குத்தான் எழுத்துத் தெரியாதே தவிர, அந்த எழுத்தின் உருவம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மனுசன் டவுனில் எங்கோ கிடந்ததை அறியாமல் கழுவி எடுத்திருக்கிறார். அவர் வந்து நின்றபோது கடையில் ஆட்கள் நிறைய. நீ சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்.

"ஹாஜியார், இதுக்குள்ள நான் எண்ணெய்தான் ஊத்தணுமா?"

அவர் போத்தலைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனார். பின்னேரம் நன்னாரிச் சர்பத் போத்தலோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவரைக் கண்டால் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சால்வைதான் நினைவு.

இந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டாள். சரி, மகளுக்கு வருகிறேன்.

மகளுக்குக் கல்யாணம் முடித்து, நம் வழமைப்படி வீடும் கட்டிக் கொடுத்தோம். நம்மிடம் இருந்த காணி கடற்கரைப் பக்கத்தில்தான் இருந்தது. காற்று நல்லது என்று நீயே சொன்னாய். மருமகன் கட்டாருக்குப் போன பிறகு அவள் அங்கே தையல் மெசினோடு இருந்தாள். நீ கல்முனைச் சந்தையில் ஊதாத் துணி எடுத்துக் கொடுத்தாய், மஞ்சள் புள்ளி போட்டது. அதில் தனக்கு வீட்டில் போடுகிற சோட்டி தைத்தாள். மடிப்புக்குப் பச்சை நூல் ஓட்டியிருந்தாள். நீ பார்த்துவிட்டு, ஊதாத் துணிக்கு யாரும் பச்சை நூல் போடுவார்களா என்று ஏசினாய். மெசினில் அந்த நூல்தான் கிடந்ததாம்.

"உள்ளுக்குத்தானே உம்மா," என்று சிரித்தாள். "மடிப்ப விரிச்சு யாரு பாக்கப் போற?"

மிஞ்சின துண்டில் ஒரு கீற்று வெட்டி அவள் போத்தலுக்குக் கட்டினாள். சர்பத் போத்தலைவிடச் சின்னது, தோள் அகலமானது, அடியில் ஒரு நீர்க்குமிழி கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அந்தப் போத்தலைத்தான் கொண்டு வந்து வைத்தாள். அந்தச் சோட்டிதான் போட்டிருந்தாள், மேலே பெரிய முக்காடு. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருந்தாள் போலும், நிற்க நேரம் இல்லை.

"நிறைச்சு வைங்க உம்மா. வெயில் ஏறமுதல் வந்து எடுக்கிறன்."

நான் தலை நிமிராமல் சீனி அளந்துகொண்டிருந்தேன். அவள் போகிற முதுகைக்கூடப் பார்க்கவில்லை. சீனி அளக்கிறவன் யாரைப் பார்ப்பான்? நாளைக்கும் வருகிற மகள்தானே. நீ போத்தலை நிறைத்து, வழிந்ததைத் துடைத்து, மேல் வரிசையில் வைத்தாய்.

பிறகு கடல் வந்தது. அதை நான் சொல்லப் போவதில்லை. மெயின் றோட்டைத் தாண்டி வந்து நம் கடைப் படியை நனைத்துவிட்டு நின்றது. கறுப்புத் தண்ணீர். அதில் மிதந்து வந்தவற்றையும் நான் சொல்லப் போவதில்லை. மகளுடைய வீட்டு நிலத்தில் அத்திவாரம்கூட இல்லை. தையல் மெசின் மட்டும் வேலிக் கட்டையில் தலைகீழாகச் சிக்கிக் கிடந்தது.

நீ கடையில் நின்றாய், நான் தேடப் போனேன். அம்பாறை ஆஸ்பத்திரி, கல்முனை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள். நிந்தவூர்ப் பக்கம் நடந்தேன். கரை பிடித்தே நடந்து திருக்கோவில் வரைக்கும் போனேன். அங்கே தன் பிள்ளையைத் தேடுகிற ஒரு தமிழ் மனுசன் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். நான் அவருடைய பிள்ளையின் அடையாளம் கேட்டேன், அவர் என் பிள்ளையின் அடையாளம் கேட்டார். இருவரும் அந்தந்த அடையாளத்தைச் சுமந்துகொண்டு எதிர்த் திசைகளில் போனோம்.

முகம் பார்த்து அறிய முடியாதவர்களை நம் மையவாடியில் நீளமாகக் குழி வெட்டி ஒன்றாக அடக்கினார்கள். அடக்குமுன் ஒவ்வொருவருடைய உடுப்பிலும் ஒரு துண்டு வெட்டிப் பள்ளிவாசல் முற்றத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். தங்கள் ஆளின் துணி இருந்தால் எடுத்துக்கொண்டு, உள்ளே பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் ஊருக்கு உன் தட்டு நினைவுக்கு வந்தது. பிழைத்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். எண்ணெய்க்கு இல்லை. என் ராத்தா வீட்டுப் போத்தல் எது, என் மகன் வீட்டுப் போத்தல் எது என்று கேட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். கயிற்றில் இருக்கிற துண்டோடு வைத்துப் பார்க்க. உன் தட்டில் கழுத்து வெறுமையான போத்தல்கள் கூடிக்கொண்டே வந்தன. உள்ளே எண்ணெய் அப்படியே.

நானும் கேட்டேன், மகளுடைய துணியை அவிழ்க்கட்டுமா என்று. நீங்கள் கரையைப் பாருங்கள், கயிற்றை நான் பார்க்கிறேன் என்றாய்.

நீ பள்ளிவாசலுக்குப் போன அன்றைக்குத்தான் நான் கடலுக்குள் இறங்கினேன். சாகவென்று இறங்கவில்லை. தூரத்தில் ஊதா நிறமாக ஏதோ தெரிந்தது. இடுப்பளவில் நின்றேன், நெஞ்சளவில் நின்றேன், பிறகு எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. பாண்டிருப்புப் பக்கத்து மீன்காரர்கள் இழுத்து எடுத்து, ஈரத்தோடு கடை வாசலில் கொண்டு வந்து போட்டார்கள். நீ அப்போதுதான் திரும்பி வந்தாய். வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். நெடு நேரம் பார்த்தாய்.

"அவள்ற துணி அங்க இல்ல," என்றாய்.

நான் அழுதேன். சந்தோசத்தில் அழுதேன் என்று சொன்னால் இந்தப் பிள்ளை நம்பமாட்டாள். துணி இல்லாவிட்டால் அவள் குழியில் இல்லை. குழியில் இல்லாவிட்டால் எங்கோ இருக்கிறாள். அதன் பிறகும் நான் சாப்பிடவில்லை, எழும்பவில்லை. நீ போத்தலை இறக்கிப் பழைய எண்ணெயை ஊற்றிவிட்டுப் புதிதாய் நிறைத்தாய். என் பக்கத்தில் வைத்துச் சொன்னாய்.

"எழும்புங்க. அவள் வாற நேரம் போத்தல் வெறுமையாக் கிடந்தா வந்து ஏசுவாள். நிறைக்கிறது என்ட வேல. கடையத் திறக்கிறது உங்கட வேல."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன். இவளுக்கு மகள் வருவாள் என்ற நம்பிக்கை விடவில்லை, இவளுக்காகவாவது நான் எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். காணாமல் போனவர்கள் எல்லாருக்குமாகப் பள்ளிவாசலில், மையித்து இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதபோது நான் வரிசையில் நிற்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஜனாஸாத் தொழுகையா என்று வெளியே வந்துவிட்டேன். வீட்டில் நீ தொழுதுகொண்டிருந்தாய். என்ன தொழுகை என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நிவாரணம் எல்லாம் பக்கட்டில் வரத் தொடங்கியது. தண்ணீர் பிளாஸ்டிக் போத்தலில், பிஸ்கட் பக்கட்டில், பருப்பு பக்கட்டில், நுளம்பு வலையும் பக்கட்டில். பசித்த வாய்க்கு வந்த சாப்பாட்டைக் குறை சொன்னால் அல்லாஹ் மன்னிக்கமாட்டான். ஆனால் தின்று முடிந்த கடதாசியும் சொப்பிங் பேக்கும், வீடு இழந்தவர்களுக்குப் போட்ட தகரக் கொட்டில்களைச் சுற்றி முழங்கால் அளவில் கிடந்தன. மாரி பிறந்ததும் எல்லாம் அடித்துக்கொண்டு, ஊர்த் தண்ணீரைக் கடலுக்கு விடுகிற தோணா வாய்க்காலுக்குள் போய் அடைத்தது. கடலுக்குப் போக வழி இல்லாத தோணாத் தண்ணீர் திரும்பிக் கொட்டில்களுக்குள் வந்தது. கடலுக்குத் தப்பிய பிள்ளைகள் தோணாத் தண்ணீரால் காய்ச்சலில் படுத்தன. நீ கம்பொன்றை எடுத்துக்கொண்டு போய் மதகு வாயில் நின்று குப்பையை இழுத்துக் கரையில் போட்டாய். அங்கே வைத்துத்தான் சொன்னாய்.

"கடல் எங்கட ஆக்களத் திருப்பித் தரல்ல. நாங்க குடுத்த குப்பையத்தான் திருப்பித் தருது."

நீ கொட்டில்களுக்குப் போய்ப் பொம்பிளைகளைக் கூட்டினாய். போத்தல் எல்லாம் கடலோடு போய்விட்டதே என்றார்கள். காலுக்குள் இடறுகிற தண்ணீர்ப் போத்தல்களைக் காட்டினாய். கழுவி எடுத்து வாருங்கள், எண்ணெய் ஊற்றித் தருகிறேன், துணி கட்ட மறக்காதீர்கள் என்றாய். மறுநாள் வரிசையாகப் போத்தல்கள் வந்தன. பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே துணி. எல்லாருக்கும் ஒரே பொதியில் வந்த நிவாரண உடுப்பு. பச்சையில் வெள்ளைக் கோடு. ஊர் முழுவதும் ஒரே வீடாய்ப் போன மாதிரி. எந்தப் போத்தல் யாருடையது என்று தெரியாமல் நீயும் அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த நாட்களில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது. சிரித்து முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக அழத் தொடங்கினீர்கள். பிறகு முடிச்சுப் போடுகிற விதத்தை மாற்றினீர்கள், இரட்டை முடிச்சு, பூ முடிச்சு, கீழே தொங்கல் விட்ட முடிச்சு.

அப்படி ஓட்டிக்கொண்டு வந்த கடையை, றோட்டில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி கெடுத்தது. சண்டை இறுகின காலம். சீல் உடைக்காத பக்கட்டை விட்டுவிடுவார்கள், வாய் திறந்த போத்தலை விடமாட்டார்கள். உள்ளே என்ன, யாருக்கு, எங்கிருந்து என்று கேள்வி. ஆலையடிவேம்புக்கு நீ எண்ணெய் கொண்டு போன அன்று போத்தலைத் திறந்து மணந்து பார்த்த ஆமிப் பெடியனுக்குத் திருப்தி வரவில்லை.

"குடி," என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அதுதான்.

நீ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மிடறு எண்ணெய் குடித்தாய். பிறகு போத்தலை அவனிடம் நீட்டி, நல்ல எண்ணெய் மகன், தலைக்கு வைத்தால் இந்த வெயிலுக்குக் குளிரும் என்றாய். அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் சிரித்தான். வீட்டுக்கு வந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். உனக்குத் துணிவு இருந்தது. மற்றவர்களுக்கு அது எங்கே? பிள்ளை குட்டியோடு பஸ்ஸில் போகிறவர்கள் சீல் வைத்த பக்கட்டுக்கு மாறினார்கள். அவர்களைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சண்டை முடிந்த அன்று றோட்டில் வெடி கொளுத்தினார்கள். சென்றியில் பாற்சோறு கொடுத்தார்கள். இனி வழி திறக்கும், போத்தல் திரும்பி வரும் என்று நான் நினைத்தேன். வழி திறந்தது. அந்த வழியால் கொம்பனி வான்கள்தான் வந்தன. ஒவ்வொரு கடை வாசலிலும் பக்கட்டுகள் மாலை மாலையாகத் தொங்கின. ஒரு தரம் தலைக்கு முழுகுகிற அளவுக்கு ஒரு பக்கட், ஒரு தரம் உடுப்புத் துவைக்கிற அளவுக்கு ஒரு பக்கட். அதெல்லாம் மாரிக்கு மாரி தோணாவுக்குள் வந்தது. நீ கம்பை எடுத்துக்கொண்டு போவதும் விடவில்லை. மருமகன் வேறு கல்யாணம் முடித்து அந்தப் பக்கமே தங்கிவிட்டான். மகளுடைய போத்தலை நீ மட்டும் தவறாமல் இறக்கி மாற்றினாய். பழைய எண்ணெயை மீன் விற்க வருகிற தமிழ் மனுசி விளக்குக்கு எடுத்துப் போவாள். நான் கை கொடுக்க வந்தால் தள்ளிவிடுவாய்.

"நீங்க தொடாதீங்க. உங்கட கை நடுங்கும்."

சீனி வருத்தம் உன் காலைத் தின்று, பிறகு உன்னையும் கொண்டு போனது. கடைசியில் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். மையவாடியில் மதில் பக்கம், கடல் கொண்டவர்களை அடக்கிய நீளக் குழிக்குக் கிட்டவாக உன்னை வைக்க வேண்டும் என்றாய். அங்கே நிழல் இல்லை, மாரியில் தண்ணீர் நிற்கும், உன் உம்மாவும் வாப்பாவும் வேப்பமரத்தடியில் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"சொன்ன இடத்தில வைங்க. கேள்வி கேக்காதீங்க."

கேட்கவில்லை. வைத்தேன்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். போத்தலை இறக்கி, காறல் எண்ணெயை ஊற்றிவிட்டு, சுடுதண்ணீரும் அடுப்புச் சாம்பலும் போட்டுக் குலுக்கினேன். தட்டுப் போனாலும் போத்தலைக் கழுவி வீட்டுக்குள் வைப்போம் என்றுதான். கழுத்துத் துணி பிசினாய் ஒட்டிக் கிடந்தது. அதன் முடிச்சை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. சுடுதண்ணீரில் ஊறவைத்து நகத்தால் மெல்ல எடுத்தேன். மேலே இருந்த கீற்று வந்தது. ஊதா, மஞ்சள் புள்ளி. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதைச் சுற்றித்தான் முதல் கீற்றைத் திரும்பக் கட்டியிருக்கிறாய்.

அதுவும் ஊதா. கத்தரியால் சதுரமாக வெட்டிய துண்டு, நாலாய் மடித்துக் கிடந்தது. விரித்தேன். ஒரு மூலையில் சேற்றுக் கறை. ஒரு பக்கம் மடிப்புத் தைத்திருந்தது. மடிப்பையும் விரித்தேன். பச்சை நூல்.

புள்ள, நான் கடை நிலத்தில் இருந்துவிட்டேன்.

கயிற்றில் இருந்திருக்கிறது. நீ எடுத்திருக்கிறாய். மடியில் செருகிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறாய். ஈரத்தோடு கிடந்த என்னைப் பார்த்திருக்கிறாய். அதன் பிறகுதான் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். பள்ளிவாசலில் அவள் பெயரைச் சொன்னாயா, சொல்லாமல் வந்தாயா? சொன்னால் யாரிடம் சொன்னாய்? அன்று முதல் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இந்த முடிச்சை உன் கைதானே தொட்டது? வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு, அவள் வந்து ஏசுவாள் என்று என்னிடம் எப்படிச் சொன்னாய்? நீ நம்புகிறாய் என்று நான் உனக்காக நம்பினேன். நான் விழுந்துவிடுவேன் என்று நீ எனக்காக நிறைத்தாய். உன் பிள்ளைக்கு உரத்து அழ உனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதை நான் எங்கே போய்க் கொடுப்பேன், யாரிடம் கொடுப்பேன்?

ஜும்ஆவுக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கொம்பனிக்காரத் தம்பி ஸ்க்ரூட்ரைவரும் ஆளுமாக வாசலில் நின்றான். இரும்புத் தட்டு வானுக்குள் மினுங்கியது. போத்தல்களை இறக்கட்டுமா மாமா என்று கேட்டான்.

"வேணாம் தம்பி. தட்டுக் கிடக்கட்டும்."

கடை ஓடாதே மாமா என்றான். அவன் சொன்னது உண்மை. ஓடாது. அடுத்த மாரிக்குள் இந்தக் கதவைச் சாத்த வேண்டியும் வரலாம். இந்தத் தட்டில் நிற்பதெல்லாம் ஊரார் நம்பித் தந்த அமானிதம், எடுக்க ஆள் வராத அமானிதம், அதைப் போத்தல்காரனுக்குப் போட ஏலாது என்று மட்டும் சொன்னேன். அவன் ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் வைத்தான். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, உம்மாவுக்குத் தலைக்கு வைக்கக் கொஞ்சம் எண்ணெய் தாருங்கள் என்றான். ஊற்றிக் கொடுத்தேன். துணி கட்டச் சொல்ல மறந்துவிட்டேன்.

அவன் போன பிறகு மகளுடைய போத்தலைத் துடைத்துக் காயவைத்து நிறைத்தேன். நீ சொன்னது சரி, என் கை நடுங்கியது, வழிந்தது. அவளுடைய கீற்றைக் கழுத்தில் கட்டி அதே மூலையில் வைத்தேன். இனி அதை எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். காறல் வருமுன் மாற்றுவது இனி என் வேலை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போனேன். இவ்வளவு காலமும் கடலைப் பார்த்துத்தான் அவளுக்குத் துஆக் கேட்டேன், அவளைத் திருப்பித் தா என்று. இன்று மதில் பக்கம் திரும்பி நின்று, நீ அன்று வீட்டில் தனியே தொழுததை நானும் தொழுதேன். நீளக் குழிக்கும் உனக்கும் இடையில் இரண்டு முழ மண்தான். நீ கிட்டப் போய்விட்டாய்.

சதுரத் துண்டை அந்த இரண்டு முழத்துக்குள் புதைக்கத்தான் கொண்டு போனேன். கையால் மண்ணைத் தோண்டியும் வைத்தேன். வைத்துவிட்டு எழும்ப முடியவில்லை. திரும்ப எடுத்து மண்ணைத் தட்டி, மடிப்பை மூடி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை தரம் சுடுதண்ணீரில் போட்டாலும் காறல் மணம் போகவில்லை. குனியும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து வருகிறது.